சுவருக்குள் போன சிலுவைகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட இங்கிலாந்துக்குச் சென்று வந்த ஒருவர், பழைய கிராமத் தேவாலயங்களின் சுவர்களில் பின்னல் வேலைப்பாடு கொண்ட சிலுவைத் துண்டுகள் சாதாரணக் கற்களுக்கு நடுவே, சில இடங்களில் படுக்கை வாட்டமாகவும் சில இடங்களில் தலைகீழாகவும், வைத்துக் கட்டப்பட்டிருப்பதைக் கண்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சிலுவைகளைக் கிறிஸ்தவர்களே உடைத்துத் தங்கள் ஆலயத்தின் சுவர்க்கல்லாக ஆக்கியது வெறுப்பினாலா, அறியாமையினாலா, பக்தியினாலா என்பது அவருடைய கேள்வி.

மூன்றுக்கும் உதாரணம் உண்டு. ஆனால் பெரும்பாலான கற்கள் சுவருக்குள் போனதற்கு இந்த மூன்றில் எதுவும் முதற்காரணமல்ல. ஏற்கெனவே சதுரித்து வைத்த நல்ல கல் ஒன்று கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே கிடந்தது என்பதுதான் காரணம். எந்தக் கல் எந்த எண்ணத்தோடு வைக்கப்பட்டது என்பதைப் பொதுவாகப் பேசி முடிவு செய்ய இயலாது. அந்தக் கல் சுவரில் எங்கே, எந்த முகத்தை வெளியே காட்டி, எப்படி வெட்டப்பட்டு இருக்கிறது என்பதைப் பார்த்துக் கல் கல்லாகத்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிலுவைகள் எப்படி இருந்தன என்பது தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். ஏறத்தாழ கி.பி. 8-ஆம் நூற்றாண்டு முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை வட இங்கிலாந்திலும் தென் ஸ்காட்லாந்திலும் மடங்களின் வளாகங்களிலும், பின்னர் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலும், ஆளுயரத்துக்கு மேற்பட்ட கற்சிலுவைகள் நட்டு நிறுத்தப்பட்டன. கீழே ஒரு பீடக்கல், அதன் குழியில் பொருந்தும் நீண்ட தண்டு, உச்சியில் கைகள் விரிந்த சிலுவைத் தலை என்பது பொதுவான அமைப்பு. பெரிய சிலுவைகளில் தலையும் தண்டும் தனித்தனிக் கற்களாகச் செதுக்கப்பட்டு முளையும் துளையுமாக இணைக்கப்பட்டிருக்கும். தண்டின் நான்கு முகங்களிலும் கொடிக்கருக்கு, அந்தக் கொடியில் பழம் கொத்தும் பறவைகள், ஒன்றோடொன்று பின்னிய விலங்குகள், சில இடங்களில் மனித உருவங்கள் எனச் செதுக்கல் நிறைந்திருக்கும். இன்று நாம் காண்பது வெறும் மணற்கல்லின் நிறம். அன்று பல சிலுவைகளின்மேல் சுண்ணப் பூச்சிட்டுச் செந்தூரம் முதலிய வண்ணங்கள் தீட்டியிருந்தார்கள். அந்த வண்ணத்தின் தடம் இன்றும் செதுக்கலின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் கற்கள் உண்டு.

ஒரு கொத்தனாரின் கண்ணால் இதே பொருளைப் பாருங்கள். தண்டு என்பது ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்தோ கூடியோ அகலமுள்ள, நான்கு பக்கமும் நேராக்கிய, நீளமான கல். கதவுக்கோ சன்னலுக்கோ மேல் வைக்கும் உத்தரக்கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கல்லைக் குவாரியில் போய்த் தேட வேண்டியதில்லை. குறுக்கே இரண்டாக உடைத்தால் இரண்டு மூலைக்கற்கள் கிடைக்கும். சிலுவைத் தலையோ வளைவும் இடைவெளியும் கொண்ட முரண்பட்ட வடிவம்; அது முகப்பு வரிசையில் உட்காராது. அதனால் தலைகளை அடித்தளத்திலோ, தடித்த சுவரின் இரு முகப்புகளுக்கு நடுவே கல்லும் சாந்தும் கொட்டி நிரப்பும் வயிற்றுப் பகுதியிலோ போட்டுவிடுவது கட்டுமான நோக்கில் இயல்பானது. தலை அடித்தளத்தில் கிடைத்தது என்றதும் அவமதிப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த வடிவப் பொருத்தத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கல்லை எடுத்துக் கட்டுவது, 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மானியர் கொண்டுவந்த பழக்கமுமல்ல. 670-களில் ஆயர் வில்ஃப்ரிட் ஹெக்சமில் எழுப்பிய ஆலயத்தின் நிலவறை இன்றும் இருக்கிறது. அது அருகிலிருந்த கார்பிரிட்ஜ் என்னும் ரோமானியக் குடியிருப்பின் கற்களால் கட்டப்பட்டது. அங்குள்ள ஒரு கல்லில் பேரரசர் செவரஸ், அவருடைய மக்கள் கரகல்லா, கெட்டா ஆகியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. கெட்டா கொலையுண்ட பின் அவன் பெயரை ரோமானியரே உளியால் கொத்தி அழித்திருக்கிறார்கள். ஒரே கல்லில் ஒரு பொறிப்பு, ஒரு அழிப்பு, ஒரு மறுபயன்பாடு என மூன்று செயல்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவற்றுள் மூன்றாவதற்கு முதலிரண்டோடு எந்தத் தொடர்பும் இல்லை. யார்க் பேராலயத்தின் தென்பகுதிக்கு அடியில் 1960-களின் இறுதியில் அகழ்ந்தபோது வெளிப்பட்ட, நார்மானியருக்கு முந்திய இடுகாட்டிலும் இதே கதைதான். ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைகிங்குகள் வட இங்கிலாந்தில் குடியேறியிருந்த காலத்துக் கல்லறைகளுக்குத் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட கற்களில் சில, அவற்றைவிடப் பழைய சிற்பக் கற்களை வெட்டி எடுத்தவை.

யார்க்ஷயரின் கிர்க்டேலில் உள்ள புனித கிரெகரி ஆலயத்தில் ஒருவர் தானே வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தெற்கு வாசலுக்கு மேல் ஒரு சூரியக் கடிகாரக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் பழைய ஆங்கிலத்தில் பொறித்துள்ள செய்தி, நம் கல்வெட்டு நடையில் சொன்னால், இப்படி இருக்கும்: கமலின் மகன் ஓர்ம், முற்றும் உடைந்து விழுந்து கிடந்த புனித கிரெகரி ஆலயத்தை விலைக்குக் கொண்டு, எட்வர்ட் மன்னன் நாளில், டோஸ்டி பிரபுவின் நாளில், அடிமுதல் புதிதாக எடுப்பித்தான். டோஸ்டி, வட இங்கிலாந்துப் பகுதியான நார்தம்பிரியாவின் பிரபுவாக இருந்தது 1055 முதல் 1065 வரை. எனவே கட்டடத்தின் காலம் பத்தாண்டுக்குள் அடங்குகிறது. அதே ஆலயத்தின் சுவர்களில் பழைய சிலுவைத் துண்டுகள் பதிந்திருக்கின்றன. நேர்த்தியாகச் செதுக்கிய இரண்டு கல்லறை மூடுகற்களும் வெளிச்சுவரில் இருந்து பின்னர் உள்ளே எடுத்து வைக்கப்பட்டன. ஓர்மின் பெயரும் அவன் தந்தை கமலின் பெயரும் ஸ்காண்டிநேவியப் பெயர்கள். அந்தச் சிலுவைகளைச் செய்வித்த மக்களின் வழியில் வந்தவன் அவன். அந்நியன் வந்து இடித்தான் என்ற விளக்கம் இங்கே நிற்காது. விழுந்த ஆலயத்தை அந்த வளாகத்துக் கற்களாலேயே எடுத்துக் கட்டினான், அவ்வளவுதான்.

1066-க்குப் பின் நிலைமையின் அளவு மாறுகிறது. அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்கள் பெரும்பாலும் இடித்து விரிவாகக் கட்டப்பட்டன. இவ்வளவு கல் தேவைப்பட்ட காலம் அதற்கு முன் இருந்ததில்லை. அதே சமயம் சிலுவைகளைக் காக்க ஆள் இல்லாமல் போயிற்று. 10-ஆம் நூற்றாண்டுச் சிலுவைகளில் பல, உள்ளூர் நிலக்கிழார் குடும்பங்கள் தங்கள் இறந்தோருக்காக எழுப்பியவை என்றும், பெயர் பொறிக்கும் வழக்கம் அவற்றில் அரிது என்றும் கொண்டால், 1069–70-இல் நார்மானிய மன்னன் வில்லியமின் படைகள் வடநாட்டைப் பாழாக்கி, பழைய நிலக்கிழார்கள் நிலமிழந்த பின், எந்தச் சிலுவை யாருடையது என்று சொல்ல ஊரில் எவரும் எஞ்சியிருக்க வேண்டிய கட்டாயமில்லை. கல்லறைக்குச் சிலுவைக்குப் பதிலாகத் தட்டையான மூடுகல் வைக்கும் வழக்கமும் பரவியது. என் கணிப்பில் சுவருக்குள் போன கற்களில் கணிசமானவற்றுக்கு இந்த மறதியே போதுமான விளக்கம்.

லிங்கன்ஷயர் கற்களை ஆராய்ந்த டேவிட் ஸ்டாக்கரும் பால் எவர்சனும் 1990-இல் இத்தகைய மறுபயன்பாட்டை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். பழைய கல் என்ன என்பதைப் பொருட்படுத்தாமல் வெறும் கல்லாக வைப்பது ஒன்று. செய்த வேலைக்கே திரும்பவும் பயன்படுத்துவது, அதாவது பழைய வளைவுக்கல்லைப் புதிய வளைவிலேயே வைப்பது, இன்னொன்று. பழைய பொருளின் பெருமைக்காகவே கண்ணில் படும்படி பதிப்பது மூன்றாவது. இது பயனுள்ள பிரிப்பு. களத்தில் நிற்கும்போது முதல் வகையையும் மூன்றாம் வகையையும் பிரிக்க நான் பார்ப்பது இவற்றைத்தான். செதுக்கிய முகம் வெளியே இருக்கிறதா, உள்ளே திரும்பியிருக்கிறதா? சிலுவை நிமிர்ந்து நிற்கிறதா, கொடிக்கருக்கு பக்கவாட்டில் படுத்திருக்கிறதா? கல்லின் விளிம்பில் கொடியின் இலை பாதியோடு அறுபட்டிருந்தால், வரிசையின் உயரத்துக்குப் பொருந்த அதைக் கொத்தியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே உளித்தடம் அதே சுவரின் மற்றக் கற்களிலுள்ள உளித்தடத்தோடு ஒத்துப்போகும். செதுக்கலின் பள்ளத்தில் சுண்ணாம்புச் சாந்து இறுகிக் கிடந்தால், இப்போது வெளியே தெரியும் அந்த முகம் ஒரு காலத்தில் வேறொரு சுவருக்குள் புதைந்திருந்தது என்றும், பின்னால் வந்த யாரோ எடுத்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்றும் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கடைசிச் செய்தியைப் பார்வையாளர்கள் தவறவிடுகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்தவர்கள் அழகுக்காக வாசல் மண்டபச் சுவரில் பதித்த துண்டுகளைப் பார்த்து, நார்மானியரின் பக்தி என்று எழுதியவர்கள் உண்டு.

டரம் பேராலயத்தில் அந்த மூன்று பிரிப்பும் தடுமாறுகிறது. புனித கத்பெர்ட்டின் உடலோடு அலைந்து திரிந்த குருக்கள் சமூகம் 995-இல் அங்கே குடியேறியது. 1083-இல் ஆயர் வில்லியம் அவர்களை வெளியேற்றிவிட்டுப் பெனடிக்ட் சபைத் துறவிகளைக் கொண்டுவந்தார். 1093-இல் புதிய பேராலயம் தொடங்கியது. துறவிகள் கூடும் மண்டபம் 1130-களில் முடிந்தது. அந்த மண்டபத்தின் அடித்தளத்திலிருந்து 1891-இல் சிலுவைத் தலைகள் வெளிவந்தன. அவை 995-க்கும் 1083-க்கும் இடைப்பட்ட, வெளியேற்றப்பட்ட அந்தச் சமூகத்தின் கல்லறைச் சிலுவைகள் என்று கருதப்படுகின்றன. விரட்டப்பட்டவர்களின் நினைவை மண்ணுக்குள் தள்ளினார்கள் என்று சொல்லலாம். ஆனால் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயத்தின் மரத்தை இன்னொரு ஆலயத்துக்கன்றி வேறு வேலைக்குச் சேர்க்கக் கூடாது, இல்லையென்றால் எரித்துவிட வேண்டும் என்னும் விதி அக்காலத் திருச்சபைச் சட்டத்தில் இருந்தது. அந்த மனப்பாங்கில் பார்த்தால், ஆயர்களை அடக்கம் செய்யும் மண்டபத்தின் அடியில் சிலுவையை இட்டது அதற்குத் தகுந்த இடத்தைக் கொடுத்ததாகவும் ஆகும். போதாததற்கு, தலைகளின் வடிவம் அடித்தளத்துக்கே பொருத்தமானது என்று மேலே சொன்னேன். கண்ணில் படாத இடம் என்பதை வைத்து மட்டும் மனத்தைப் படிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

வெறுப்பினால் உடைக்கப்பட்ட சிலுவை வேண்டுமென்றால் ஸ்காட்லாந்தின் ருத்வெலுக்குப் போக வேண்டும். உள்ளூரார் அந்தப் பெயரை ‘ரிவல்’ என்று சொல்கிறார்கள். அங்கே ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் உயரமுள்ள 8-ஆம் நூற்றாண்டுச் சிலுவை ஆலயத்துக்குள் நின்றிருந்தது. ஸ்காட்லாந்தின் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) திருச்சபையின் பொதுப்பேரவை 1640-இல் சிலை வழிபாட்டுச் சின்னங்களுக்கு எதிராக ஆணை பிறப்பித்தது; 1642-இல் சிலுவை கீழே தள்ளி உடைக்கப்பட்டது. துண்டுகள் ஆலயத்தின் தரையிலேயே கிடந்து, மக்கள் உட்காரும் இருக்கைகளாகவும் பயன்பட்டன. பின்னர் அந்த ஊரின் போதகராக வந்த ஹென்றி டங்கன் (1810-இல் உலகின் முதல் சேமிப்பு வங்கிகளுள் ஒன்றைத் தொடங்கியவரும் இவரே) துண்டுகளைத் தேடிச் சேர்த்து, 1823-இல் தம் இல்லத் தோட்டத்தில் நிறுத்தினார். காணாமற்போன குறுக்குக் கைகளை அவரே புதிதாகச் செய்வித்தார். 1887-இல் அது மீண்டும் ஆலயத்துக்குள் கொண்டுவரப்பட்டது. தண்டின் விளிம்புகளில் ரூன் என்னும் பழைய ஜெர்மானிய எழுத்தில் உள்ள வரிகள், சிலுவையே தன் வாயால் கிறிஸ்துவின் பாடுகளைச் சொல்லும் ஒரு பழைய ஆங்கிலப் பாடலின் பகுதிகள் என்பதை 1840-களில் ஜான் கெம்பிள் காட்டினார். இதில் உடைத்தவர், ஆணை, ஆண்டு எல்லாம் தெரியும். இவ்வளவு தெளிவான ஒரு கதை கைவசம் இருப்பதால்தான், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே சுவருக்குள் போய்விட்ட யார்க்ஷயர் துண்டுகளுக்கும் சீர்திருத்தவாதிகளின் மேல் பழி விழுகிறது. 12-ஆம் நூற்றாண்டுச் சுவருக்குள் இருக்கும் கல்லை 17-ஆம் நூற்றாண்டுக்காரர் உடைத்திருக்க முடியாது என்பது எளிய கணக்கு; ஆனாலும் வழிகாட்டிகள் அதைச் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள்.

அறியாமைக்கு, அல்லது அறிந்தும் அக்கறையின்மைக்கு, ஆலயத்துக்கு வெளியேதான் உதாரணம் அதிகம். வேக்ஃபீல்டில் ஒரு சிலுவைத் தண்டு முடிதிருத்தும் கடையின் வாசற்படியாக இருந்து 19-ஆம் நூற்றாண்டில் மீட்கப்பட்டது. ஷெஃபீல்டில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள தண்டின் ஒரு முகத்தைத் தொட்டி போலக் குடைந்திருக்கிறார்கள். கத்தி செய்யும் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தோய்த்து உறுதியாக்கும் தொட்டியாக அது பயன்பட்டது. மற்ற முகங்களில், கொடிகளுக்கு நடுவே அம்பு தொடுக்கும் ஒரு வில்லாளி இன்றும் தெளிவாக இருக்கிறான்.

பக்தியால் பதிக்கப்பட்ட சிலுவையைப் பார்க்க நம்மவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் போர்த்துக்கீசியர் ஆலயத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஒரு செதுக்கிய சிலுவைக் கல் கிடைத்தது. கைகளின் முனைகள் மொட்டாக முடியும் சிலுவை, அதன்மேல் இறங்கும் புறா, சுற்றிலும் ஒரு வளைவு, வளைவின்மேல் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்து. பொதுவாக 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கப்படும் இதற்குக் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை ஆகிய கேரள ஊர்களின் பழைய தேவாலயங்களில் உடன்பிறப்புகள் உண்டு. கண்டெடுத்தவர்கள் அதை மலையாலயத்தின் பீடத்துக்கு மேலேயே பதித்தார்கள். 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலியின்போது அது வியர்த்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். எழுத்தை வாசிக்க அக்காலத்தில் அழைக்கப்பட்ட ஒரு பிராமணர், ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களைக் குறிக்கிறது என்று கொண்டு அப்போஸ்தலர் தோமையாரின் வரலாற்றையே நீளமாக வாசித்துக் காட்டினார். அது பஹ்லவி என்பதை 1873-இல் ஆர்தர் பர்னெல் வெளியிட்டார். பிற்கால வாசிப்புகளின்படி அது, அதைச் செய்தவர் தம்மேல் இரக்கம் வேண்டும் சிறிய மன்றாட்டு. இங்கே மறுபயன்பாடு என்பதில் ஐயமே இல்லை, பக்தி என்பதிலும் ஐயமில்லை. ஆனால் பதித்தவர்கள் வணங்கிய பொருளும் செதுக்கியவர் செய்த பொருளும் ஒன்றல்ல. அவர்கள் அப்போஸ்தலரின் நினைவுச் சின்னம் என்று கருதிப் பதித்தார்கள். அதுவோ பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடைய ஒரு சமூகத்தின் கல்.

மீண்டும் யார்க்ஷயருக்கு வருகிறேன். சுவருக்குள் போனதால் நேர்ந்த நட்டத்தைப் பற்றிப் பேசுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளியே நின்ற சிலுவைகளை மழையும் உறைபனியும் தின்றுவிட்டன, சுவருக்குள் இருந்தவை உளித்தடம் மாறாமல் வந்தன. ரிச்மண்டுக்கு அருகே ஈஸ்பி ஆலயச் சுவரில் இருந்த 9-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் துண்டுகளில் அப்போஸ்தலர்களின் முகங்களும் கொடியிலுள்ள விலங்கின் தோள்சுருளும் இன்றும் கூர்மையாகத் தெரிகின்றன. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1931-இல் அவற்றை வாங்கியது, ஆலயத்தில் சுதை வார்ப்பு இருக்கிறது. லீட்ஸில் இடைக்காலத் தேவாலயத்தை 1838-இல் இடித்தபோது கோபுரச் சுவரிலிருந்து சிலுவைத் துண்டுகள் விழுந்தன. கட்டடக் கலைஞர் சாண்ட்ரெல் அவற்றைச் சேர்த்து, இங்கிலாந்தின் தென்கோடியில் உள்ள தம் வீட்டுத் தோட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார்; பின்னர்தான் அது லீட்ஸுக்குத் திரும்பியது. இன்று ஆலயத்துக்குள் நிற்கும் அந்தச் சிலுவையின் அடிப்பகுதியில், சிறகு கட்டிக்கொண்டு பறந்து தப்பும், ஜெர்மானியப் பழங்கதைக் கொல்லன் வேலண்ட் இருக்கிறான், காலடியில் அவனுடைய பட்டறைக் கருவிகளோடு. லைத் என்னும் கடற்கரை ஊரில் 1910-இல் ஆலயத்தைப் புதுப்பித்தபோது முப்பதுக்கும் மேற்பட்ட வைகிங் காலத் துண்டுகள் சுவர்களிலிருந்து வெளிவந்தன. இவற்றையெல்லாம் ஊர் ஊராக அளந்து, படமெடுத்து, கல்லின் வகையை இனங்கண்டு பதிவு செய்யும் பெரும்பணியை டரம் பல்கலைக்கழகத்தில் ரோஸ்மேரி கிராம்ப் 1977-இல் தொடங்கினார். முதல் தொகுதி 1984-இல் வந்தது. கேள்வி கேட்டவர் சுவரில் கண்ட துண்டு அநேகமாக அந்தத் தொகுதி வரிசையில் எண்ணோடு இருக்கும்.

கடைசியாக, அவற்றை வெளியே எடுத்துவிடலாமே என்றும் அவர் கேட்டிருந்தார். சுவரைத் தாங்கும் கல்லை உருவுவது கட்டடத்துக்கு ஆபத்து. அந்தக் கல் அந்த இடத்தில் வைக்கப்பட்டது என்பதே சுவரின் காலத்தைக் கணிக்க உதவும் சான்று, உருவினால் அந்தச் சான்று போய்விடும். எனவே காரணமின்றி எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்து நியாயமும் வலுவானது: தண்டுக்கு நான்கு முகம், சுவரில் இருக்கும்போது நமக்குத் தெரிவது ஒன்றே. பிக்கரிங்குக்கு அருகே மிடில்டன் ஆலயக் கோபுரத்தில் பதிந்திருந்த சிலுவைகளை 1948-இல் வெளியே எடுத்தார்கள். அவற்றுள் ஒன்றில் தலைக்கவசம் அணிந்த ஒரு வீரன், ஈட்டி, கேடயம், வாள், கோடரி, இடுப்பில் குறுக்கே கத்தி ஆகியவை சூழ நேராக நம்மைப் பார்க்கிறான். அதே கல்லின் மறுபக்கத்தில் தன் உடலைத் தானே சுற்றிப் பின்னிக் கட்டிக்கொண்ட ஒரு நீண்ட விலங்கு இருக்கிறது.